அட்ரஸ் லைன் 1: ஒரு நூல் எப்படி லயமாச்சு?

போன வருஷக் கடைசியில நாங்க நாலு பேர் கம்பளை டவுனில ஒரு கொமியூனிகேஷன் கடையில உட்கார்ந்து, ஒரு பாடநெறிக்கான விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தோம். படிவம் முழுக்க ஆங்கிலம். பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் கடகடன்னு முடிஞ்சுது. அடுத்த பெட்டி அட்ரஸ் லைன் 1. அதுக்குக் கீழே அட்ரஸ் லைன் 2.

எங்க நாலு பேரில ஒருத்தி தோட்டத்துப் பிள்ளை. அவ எழுதாம திரையைப் பார்த்துச் சிரிச்சா. என்னா சிரிக்கிறன்னு கேட்டோம். "இவங்களுக்கு லைன் ஒன்னு, லைன் ரெண்டுன்னா எழுதுற இடம். எங்களுக்கு லைன் ஒன்னு, லைன் ரெண்டுன்னா இருக்குற இடம்" என்றாள்.

நாங்களும் சிரிச்சோம். ஆனா பஸ்ஸில திரும்பி வரும்போது அந்தச் சொல் எங்களை விடவே இல்லை. அது எங்கிருந்து வந்தது, எப்படி ஒரு வீட்டுக்குப் பேராச்சுன்னு தேட ஆரம்பிச்சோம். அதில கிடைச்சதைத்தான் இங்கே எழுதுறோம்.

முதலில, ஒரு நாளைக்கு இந்தச் சொல்லை எத்தனை தடவை பாவிக்கிறோம்னு எண்ணிப் பாருங்க. கரண்ட் லைன் அறுந்து கிடக்குது. ஃபோன்ல லைன் கிடைக்கல. கொழும்பிலிருந்து கம்பளை வழியா பதுளைக்குப் போற ரயில் பாதைக்குப் பேர் மெயின் லைன். 2022இல பெற்றோலுக்கும் கேஸுக்கும் விடிய விடிய லைன்ல நின்னோம். தமிழ்நாட்டுப் படத்தில ஹீரோ லைன் அடிக்கிறான். கொரோனா காலத்தில பாடம் ஓன்லைன். லயத்துப் பிள்ளைங்க சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறினது அந்த ஓன்லைனுக்காகத்தான். இத்தனைக்கும் ஒரே சொல்.

இந்தச் சொல்லோட தொடக்கம் ஒரு செடி. லத்தீன் மொழியில 'லீனும்' என்றால் ஆளிச் செடி. இப்போ உடம்பைக் குறைக்கிறோம்னு தயிரில போட்டுச் சாப்பிடுறோமே, அந்த ஆளி விதையோட செடிதான். அதன் தண்டிலிருந்து நார் எடுத்து நூல் நூற்பார்கள். அந்த நூலுக்கு லத்தீனில 'லீனியா' என்று பேர். லினன் துணி, சட்டைக்கு உள்ளே தைக்கிற லைனிங், தரையில விரிக்கிற லினோலியம் எல்லாம் இந்தக் குடும்பம்தான். லைனிங் துணி முதலில லினனில தைக்கப்பட்டது. லினோலியம் ஆளி எண்ணெயில செய்யப்பட்டது.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் ஒரே வழியில வரவில்லை. பழைய ஆங்கிலத்திலேயே கயிறு என்ற பொருளில ஒரு 'லைன்' இருந்தது. பிறகு பிரெஞ்சு வழியா 'லீஞ்' என்று இன்னொன்று வந்தது. இரண்டும் கலந்து ஒன்றாகிவிட்டன. நூலை இழுத்துப் பிடிச்சா நேர் கிடைக்கும். அதனால நூல் என்றது நேர்கோடு என்றும் ஆனது. கோடு பிறகு எழுத்து வரியாச்சு, வரிசையாச்சு, எல்லையாச்சு, வம்சமுமாச்சு.

இது தமிழருக்குப் புதுசா என்ன? மேசன் பாஸ் சுவர் கட்டும்போது இப்பவும் நூல் கட்டித்தான் நேர் பார்க்கிறார். "நூல் பிடிச்ச மாதிரி" என்று நாமும் சொல்றோம். நம்ம ஊரில நூல் இன்னும் ஒரு படி போய்ப் புத்தகமாகவே ஆகிவிட்டது. மரத்தின் கோணலைத் தச்சனின் நூல் காட்டித் திருத்துவது போல மனசின் கோணலைத் திருத்துவதால்தான் புத்தகத்துக்கு அந்தச் சிறப்பு என்ற கருத்தை நன்னூல் சொல்கிறது. ஆங்கிலேயரின் நூல் கோடானது. நம்முடைய நூல் படிப்பானது. இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றுதான், இழுத்துப் பிடிச்ச ஒரு நூல்.

அது எப்படி வீடானது?

அதுக்கு இராணுவத்துக்குள்ள போகணும். ஆங்கிலேயப் படையில சிப்பாய்களை வரிசையாக நிறுத்துவது லைன். முகாமில அவர்களுடைய கூடாரங்களையும் குடிசைகளையும் வரிசையாகப் போட்டார்கள். அந்த வரிசைக்கும் பேர் லைன்ஸ். பிரிட்டிஷ் இந்தியா முழுக்க இந்தச் சொல் பரவியது. டெல்லியில சிவில் லைன்ஸ் இருக்கிறது. பல ஊர்களில போலீஸ் லைன் இருக்கிறது. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் சிப்பாய் லைன்ஸ் என்று இடங்களே இருக்கின்றன. மனிதர்களை எண்ணி, அடுக்கி, ஒரே பார்வையில கண்காணிக்கக்கூடிய மாதிரி வைக்கிற இருப்பிடம். அந்த ஏற்பாட்டுக்குத்தான் இந்தப் பேர்.

இப்போ கம்பளைக்கு வருவோம். பதினாலாம் நூற்றாண்டில இது ஒரு இராஜதானி என்று பள்ளிக்கூடத்தில படிச்சிருப்போம். 1820களில இந்த ஊர் இன்னொரு காரணத்துக்காக வரலாற்றில வருகிறது. கம்பளைக்குப் பக்கத்தில சிங்கப்பிட்டியவில (பழைய ஆங்கில நூல்கள் சின்னப்பிட்டிய என்று எழுதும்) ஜோர்ஜ் பேர்ட் என்ற ஆங்கிலேயர் கோப்பி பயிரிட்டார். வியாபார ரீதியிலான கோப்பித் தோட்டத்தின் தொடக்கமாக இதைத்தான் சொல்வார்கள். அதே காலத்தில ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் பேராதனைக்குப் பக்கத்தில கன்னொறுவையில தன்னுடைய கோப்பித் தோட்டத்தைப் போட்டார். பார்ன்ஸ் வாட்டர்லூ போரில சண்டை போட்ட இராணுவ அதிகாரி. ஆரம்பத் தோட்டக்காரர்களில பலர் இப்படி இராணுவத்திலிருந்தோ அரசாங்க உத்தியோகத்திலிருந்தோ வந்தவர்கள். அவர்கள் தங்களுக்குப் பழக்கமான சொற்களையும் கூடவே கொண்டுவந்தார்கள்.

இதுக்குச் சாட்சி வேணும்னா தோட்டத்துப் பேச்சையே கேளுங்க. காலையில வேலைக்கு ஆட்களைப் பிரிக்கிற இடத்துக்குப் பெரட்டுக்களம் என்று பேர். 'பெரட்டு' என்றால் பரேட், இராணுவ அணிவகுப்பு. உத்தியோகத்தர் இருக்கும் வீடு குவாட்டர்ஸ். அதுவும் படைக்காரர்களின் சொல்தான். துரை இருக்கும் வீடு மட்டும் பங்களா, அதாவது வங்காள பாணி வீடு. பங்களா, குவாட்டர்ஸ், லயம் என்று மூன்று இருப்பிடம், மூன்று சொல். ஒருத்தர் எதில இருக்கிறார்னு சொன்னா, அவர் யாருன்னு வேற கேட்கத் தேவையில்லை.

அந்தக் கால ஆங்கிலப் பதிவுகளில இந்த இருப்பிடத்துக்கு முழுப் பேர் 'கூலி லைன்ஸ்'. இதில முதல் சொல்லுக்கும் ஒரு கதை இருக்கு. தமிழில கூலி என்றால் செய்த வேலைக்கு வாங்குற சம்பளம். அதில இழிவு ஒன்றும் இல்லை. ஆங்கிலத்துக்குப் போனதும் அது சம்பளத்தை விட்டுவிட்டு, சம்பளம் வாங்குற ஆளையே குறிக்கத் தொடங்கியது. பிறகு வசைச் சொல்லாகி நம்மிடமே திரும்பி வந்தது. குஜராத்தின் கோளி என்ற சமூகத்தின் பேரிலிருந்து இது வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டும் வழியில கலந்திருக்கலாம். எப்படியோ, நம்ம சொல் ஒன்றும் அவர்கள் சொல் ஒன்றும் சேர்ந்து அந்தக் கதவின் மேலே ஒட்டிக்கொண்டன.

கோப்பிக் காலத்தில தொழிலாளர்கள் பெரும்பாலும் பருவத்துக்கு வந்து போனவர்கள். தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணி கூட்டி வருவார். கடல் தாண்டி மன்னார்க் கரையில இறங்கி, காடு வழியா மாத்தளை வரைக்கும் கால்நடை. வழியில காய்ச்சலிலும் வயிற்றோட்டத்திலும் செத்தவர்கள் ஏராளம். அறுவடை முடிஞ்சதும் திரும்பிப் போகிற ஆட்களுக்கு வீடு எதுக்கு என்பது தோட்டத்தின் கணக்கு. வரிசையா ஒரு கொட்டகை போதும்னு நினைச்சார்கள்.

1869இல கோப்பி இலைகளில துரு மாதிரி ஒரு பூஞ்சண நோய் தென்பட்டது. அடுத்த இருபது வருஷத்துக்குள்ள கோப்பி படுத்துவிட்டது. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாலேயே, 1867இல, இதே கண்டி மாவட்டத்தில லூல்கந்துரத் தோட்டத்தில ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டிருந்தார். கோப்பி போய்த் தேயிலை வந்தது. தேயிலைக்குப் பருவம் இல்லை. வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்கணும், அதுக்குப் பெண்களின் கை வேணும். அதனால குடும்பம் குடும்பமா வந்து தங்கினார்கள். பயிர் மாறியது, மக்களின் வாழ்க்கை மாறியது. கொட்டகையின் அமைப்பு மட்டும் மாறவில்லை. போய்வருகிற ஆளுக்குப் போட்ட வரிசை, பிறந்து வளர்ந்து சாகிற இடமாக ஆனது இப்படித்தான். கல்லும் தகரமும் வந்தன. ஆனா அதே பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, அதே ஒட்டுச் சுவர். ஒரு பக்கத்தில குழந்தை அழுதா நாலு காம்பரா தாண்டிக் கேட்கும்.

காம்பரா என்று எழுதினதும் ஞாபகம் வருது. அறைக்குத் தோட்டத்தில சொல்ற காம்பரா போர்த்துக்கேயச் சொல். அதுக்கு முன்னால உள்ள திண்ணை மாதிரியான இடம் இஸ்தோப்பு. அது ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். மொத்தக் கட்டடத்துக்கும் பேர் லயம், அது ஆங்கிலம். இலங்கையை ஆண்ட மூன்று பேரும் நம்ம ஒரு அறை வீட்டுக்குள்ள ஆளுக்கு ஒரு சொல்லை வைச்சுட்டுப் போயிருக்கிறார்கள். காணி உறுதியை மட்டும் யாரும் வைச்சுட்டுப் போகவில்லை.

லைன், லயன், லயம்

லைன் எப்படி லயமானது? நாக்குக்கு வசதியா 'லைன்' முதலில 'லயன்' ஆனது. பிறகு கடைசி 'ன்' போய் 'ம்' வந்தது. இது படிக்காதவர்கள் கெடுத்துப் பேசினது என்று யாராவது சொன்னா நம்பாதீங்க. சாதாரணதரத்தில போலி படிச்சோமே, அறன் – அறம், நிலன் – நிலம் என்று. இது அதே கடைப்போலிதான். 'ம்' வந்ததும் அது முழுத் தமிழ்ச் சொல்லாகிவிட்டது. மரம் மரத்து ஆகிற மாதிரி லயம் 'லயத்து' ஆகும். லயத்து ஆளுங்க, லயத்துக் கோடி, லயக் காம்பரா. மேட்டு லயம், பணிய லயம், பத்துக் காம்பரா லயம் என்று அடைமொழிகளும் சேர்ந்தன. மூணாறு, பீர்மேடு பக்கத்துத் தோட்டங்களில மலையாளத்திலும் இதைக் லயம் என்றுதான் சொல்கிறார்கள். 2020 ஆகஸ்டில பெட்டிமுடியில மலை சரிந்து 70 பேர் பலியானபோது, மலையாளச் செய்திகளில திரும்பத் திரும்ப வந்த சொல் அதுதான். புதைந்துபோனவை லயங்கள். நம்ம பக்கம் 2014 ஒக்டோபர் 29இல கொஸ்லந்தை மீரியபெத்தையில மண்ணுக்குள்ள போனதும் லயங்கள்தான்.

சொல்லுக்குப் பொருள் தெரியாதபோது மக்கள் தங்களுக்குத் தெரிஞ்ச பொருளைக் கொடுப்பார்கள். குதிரை கட்டுற 'லாயம்' என்ற சொல்லிலிருந்துதான் லயம் வந்தது என்று எங்க ஒருத்தரோட அம்மாயி அடிச்சுச் சொல்றாங்க. சொல் வரலாறாகப் பார்த்தா அது சரியில்லை. ஆனா ஏன் அப்படித் தோன்றியது என்பதை யோசிச்சா, அம்மாயி சொன்னதில ஒரு நியாயம் இருக்கு. சங்கீதம் தெரிஞ்சவர்கள் சுருதி, லயம் என்பார்கள். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. 'லயன்' என்று எழுதினா கொழும்புப் பிள்ளைங்க சிங்கம் என்று வாசிப்பார்கள். சிங்கப்பிட்டியவில தொடங்கின கதைக்கு அது பொருத்தமாத்தான் இருக்கு. இன்னொரு வேடிக்கையும் சொல்லணும். ஆளி விதையில உள்ள 'ஆளி' என்ற சொல்லுக்கும் பழந்தமிழில சிங்கம் என்று ஒரு பொருள் உண்டு!

சரி, சிரிச்சது போதும்.

விலாசம் இல்லாதவர்கள்

1947 தேர்தலில மலையக மக்கள் வாக்குப் போட்டு, இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அதில ஒருத்தர் எழுத்தாளர் சி.வி.வேலுப்பிள்ளை. அடுத்த வருஷமே, 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களில மிகப் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. வேலுப்பிள்ளை பின்னாளில எழுதிய நாவலுக்குப் பேர் 'வீடற்றவன்'. லயத்தில ஒரு காம்பரா இருந்தும் வீடற்றவன். வேலை போனா காம்பராவும் போகும் என்றால் அதை வீடு என்று எப்படிச் சொல்வது?

1964இல சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று இரண்டு நாடுகளும் ஆட்களைப் பங்கு போட்டன. ஒரே லயத்தில ஒரு காம்பராவுக்கு இந்தியா, பக்கத்துக் காம்பராவுக்கு இலங்கை. நடுவில போட்ட கோட்டுக்கும் ஆங்கிலத்தில லைன் என்றுதான் பேர். அப்படிப் போனவர்களில ஒரு பகுதியினர் நீலகிரியில, கூடலூர், கோத்தகிரிப் பக்கத்தில, தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு போட்ட டேன்டீ தோட்டங்களில வேலைக்குச் சேர்ந்தார்கள். கடல் தாண்டிப் போயும் மறுபடி தேயிலை, மறுபடி லைன் வீடு.

இங்கே இருந்தவர்களுக்கு என்ன ஆனது? மிச்சமிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு குடியுரிமை கிடைத்தது. ஆனா அரசாங்கக் கண்ணில தோட்டம் வேற, ஊர் வேற. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆவது பிரிவு, சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்கு வேலை செய்யத் தடையாக இருந்தது. வாக்குக் கேட்டு வரலாம், பாதை போட்டுத்தர முடியாது. அது திருத்தப்பட்டது 2018இல.

கடிதம் மட்டும் எப்படி வரும்? லயத்துக்கு நம்பர் இருக்கும். ஆனா அது தோட்டத்துக் கணக்குக்கான நம்பர், தபால்காரருக்கானது இல்லை. பல தோட்டங்களில தபால் எல்லாம் தோட்டத்து ஆபிசுக்குப் போய், அங்கிருந்து கை மாறி மாறித்தான் வரும். எங்க தோழியோட அண்ணனுக்கு நேர்முகத் தேர்வுக்கான கடிதம் வந்து சேர்ந்தது தேர்வு முடிஞ்சு ஆறாவது நாள். ஒரே தோட்டத்தில ஒரே பேரில மூன்று பேர் இருந்தார்கள். கடிதம் மற்ற ரெண்டு வீட்டையும் சுற்றிவிட்டு வந்திருக்கிறது. அதில யாரைக் குறை சொல்ல? உறையில எழுதியிருந்த விலாசம் சரிதான். ஆனா அது ஐந்நூறு பேருக்கும் பொதுவான விலாசம்.

நாங்க சொல்ல வர்றது இதுதான். லைன் என்ற சொல்லில ஆள் இல்லை, வரிசை மட்டும்தான் இருக்கு. தூரத்தில நின்று பார்க்கிறவனுக்குத் தெரிவது வரிசை. உள்ளே இருப்பவர்களுக்கு அதில தனித்தனி அடுப்பு, தனித்தனிச் சாமிப்படம், தனித்தனிக் கவலை. சொல்லை உண்டாக்கினவர்கள் தூரத்தில நின்றவர்கள். விலாசம் கொடுப்பது என்பது அந்த வரிசையைக் கலைத்து, இது இன்னாருடைய கதவு என்று ஒப்புக்கொள்வது. அதனாலதான் விலாசம் ஒரு சின்ன விஷயம் இல்லை.

இப்போ ஏழு பேர்ச் காணியில தனி வீடு என்ற திட்டம் நடக்கிறது. இந்திய உதவியோடு முதலில 4,000 வீடுகள், பிறகு 10,000 என்று அறிவித்தார்கள். சில இடங்களில குடும்பங்கள் புது வீட்டுக்குப் போயிருக்கின்றன. பல இடங்களில இன்னும் பேச்சுத்தான். இந்தப் 'பேர்ச்' என்ற சொல்லையும் தேடிப் பார்த்தோம். அது லத்தீனில 'பெர்ட்டிகா', அதாவது நீண்ட கோல். நிலம் அளக்கிற கோல். பதினாறரை அடி நீளம். நீளத்தையும் அகலத்தையும் அந்தக் கோலால அளந்தா ஒரு பேர்ச், 272¼ சதுர அடி. ஏழு பேர்ச் என்றால் ஏறக்குறைய 1,906 சதுர அடி. பழைய காம்பரா 120 சதுர அடி. சோழர் காலத்திலேயே கோல் வைத்து நிலம் அளந்தவர்கள் நாம். நூலால வரிசைப்படுத்தப்பட்டவர்களுக்கு, இரு நூறு வருஷம் கழிச்சு, கோலால அளந்து ஒரு துண்டு நிலம்.

இரு நூறு வருஷம் என்று சும்மா சொல்லவில்லை. 2023இல மலையகம் 200 என்று நாடு முழுக்க நினைவுகூர்ந்தார்கள். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும், முன்னோர் நடந்த அதே பாதையில ஒரு நடைபயணமும் போனது. அங்கே வைத்த கோரிக்கைகளில காணியும் வீடும் முக்கியமானவை.

லயம் என்ற சொல்லையே இனிப் பாவிக்கக் கூடாது, அது அவமானம் என்று எங்க வயசுப் பிள்ளைங்க சிலர் சொல்றாங்க. எங்களுக்குள்ளேயும் இது பற்றிச் சண்டை வந்தது. நாங்க ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். சொல் இருக்கட்டும். அம்மாயிமார் வாயிலும் கதைகளிலும் பாட்டிலும் அது தமிழாகிவிட்டது, அதை அழிச்சா அவர்கள் பட்டதும் சேர்ந்து அழியும். கட்டடம்தான் போகணும். ஆட்கள் லயத்துக்குள்ள இருக்கும்போதே அதுக்கு 'குடியிருப்பு' என்று நாகரிகமா பேர் மாற்றினா, சுவர் ஒரு அடிகூட நகராது.

அன்றைக்குக் கடையில அந்தப் படிவத்தை எப்படி முடிச்சோம்னு சொல்லலையே. லைன் 1இல தோட்டத்தின் பேர். லைன் 2இல டிவிஷன் பேர். அதுக்கு அடுத்து, கம்பளை. வீட்டு இலக்கம் என்று ஒரு தனிப் பெட்டியும் இருந்தது. அதை நிரப்பாம அடுத்த பக்கத்துக்குப் போக விடவில்லை. கடைக்கார அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "சைபர் போடுங்க தங்கச்சி, எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க" என்றார்.

அவ சைபர் போட்டாள்.